கிறிஸ்துமஸ் க்ரூஸ்: கப்பல் ஏறிய முதல் இரண்டு நாளில் பணம் எங்கே போகிறது?

கேள்வி: டெக்சஸில், டாலஸுக்குப் பக்கத்தில் ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு கால்வெஸ்டனிலிருந்து கிளம்பும் ஏழு இரவு கரிபியன் க்ரூஸ் புக் செய்திருக்கிறோம். கோசுமெல், கோஸ்டா மாயா, ரோவாட்டான் ஆகிய மூன்று இடங்களில் கப்பல் நிற்கும். நான், கணவர், 9 வயதிலும் 13 வயதிலும் இரண்டு பிள்ளைகள், கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கும் மாமனார், மாமியார் என ஆறு பேர், இரண்டு கேபின். டிக்கெட் பணம் முழுவதும் கட்டியாகிவிட்டது. கப்பலில் செலவழிக்க 2,000 டாலர் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். போய்வந்தவர்களைக் கேட்டால், முதல் இரண்டு நாளிலேயே அது காலியாகிவிடும் என்கிறார்கள். மதுபான பேக்கேஜ் வாங்கலாம், பற்றாததைக் கார்டில் தேய்த்துவிட்டு பிப்ரவரி போனஸில் கட்டிவிடலாம் என்கிறார் கணவர். மாமனாருக்கு சுகர், பிபி இரண்டும் உண்டு. பெரியவர்களுக்கு இதுதான் முதல் கப்பல் பயணம். அவர்கள் முன்னால் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை. எதை வாங்குவது, எதை விடுவது?

— வாசகி, ஃபிரிஸ்கோ

பதில்: பெரியவர்கள் முன்னால் கணக்குப் பார்க்கக் கூடாது என்ற உங்கள் எண்ணம் ரொம்பச் சரி. அப்படியானால் கணக்கெல்லாம் ஃபிரிஸ்கோ வீட்டிலேயே முடிந்துவிட வேண்டும். கப்பலில் உட்கார்ந்து முடிவெடுக்க எதையும் மிச்சம் வைக்காதீர்கள்.

முதல் இரண்டு நாள் பற்றி உங்கள் நண்பர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. கால்வெஸ்டனை விட்டுக் கிளம்பினால் முதல் துறைமுகம் வருவதற்குள் குறைந்தது ஒரு முழு நாளாவது கடலில்தான். ஏறுகிற நாளன்று மதியம் ஒன்று, இரண்டு மணி வரை கேபினும் தயாராக இருக்காது. கைப்பையும் குழந்தைகளுமாக எல்லோரும் நீச்சல் குளத்துத் தளத்தில் நிற்பீர்கள். லிஃப்ட் வாசலில் மதுபான பேக்கேஜ் மேஜை, அடுத்து ஸ்பாவின் முதல் நாள் தள்ளுபடி, அடுத்து தனிக் கட்டண உணவகத்துக்கு முன்பதிவு, நடுவில் போட்டோ எடுக்க ஒருவர். பணம் என்ற ஒன்றே கண்ணில் படாது. ராயல் கரிபியன் கம்பெனியில் சீபாஸ், கார்னிவல் கம்பெனியில் செயில் அண்ட் சைன் என்று ஒரு அட்டை தருவார்கள். எல்லாம் அதில் ஏறி, உங்கள் கிரெடிட் கார்டுக்குப் போய்ச் சேரும்.

பணத்துக்கு முன்னால் ஒன்று. உங்கள் கடிதத்தில் விசா பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீங்களும் கணவரும் எச்-1பி என்ற வேலை விசாவிலோ, அதைச் சார்ந்த குடும்பத்தாருக்கான எச்-4-இலோ இருந்தால் பாஸ்போர்ட்டில் உள்ள ஸ்டாம்பிங், அதாவது விசா முத்திரை, எந்தத் தேதி வரை என்று இன்றே பாருங்கள். ஸ்டாம்பிங் முடிந்து, ஐ-797 என்ற நீட்டிப்பு ஒப்புதல் கடிதம் மட்டும் கையில் இருக்கிற குடும்பங்கள் நிறைய. கனடா, மெக்சிகோ ஆகிய இரண்டு நாடுகளுக்கு 30 நாளுக்குள் போய்த் திரும்பினால், பழைய ஸ்டாம்பிங்கோடும் செல்லுபடியாகும் ஐ-94 என்ற தங்கும் அனுமதிப் பதிவோடும் உள்ளே வர ஒரு சலுகை விதி இருக்கிறது. கோசுமெல்லும் கோஸ்டா மாயாவும் மெக்சிகோ. ரோவாட்டான் ஹோண்டுராஸைச் சேர்ந்த தீவு. அங்கே கால் வைத்தால் அந்தச் சலுகை உங்களுக்கு உதவாது. மாமனார், மாமியாரின் பி-2 சுற்றுலா விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா, இன்னும் காலாவதியாகாமல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். சந்தேகம் துளி இருந்தாலும் குடிவரவு வழக்கறிஞரிடம் கேளுங்கள். கப்பல் கம்பெனியிடமும் எழுத்தில் பதில் வாங்குங்கள். ஆவணம் சரியில்லை என்று துறைமுகத்தில் திருப்பி அனுப்பினால் கட்டிய பணம் திரும்பாது. இதற்கு முன்னால் மற்றதெல்லாம் சில்லறைதான்.

இப்போது உங்கள் 2,000 டாலர். அதில் முதல் பங்கு டிப்ஸுக்கு. சாதாரண கேபினில் ஆளுக்கு நாளொன்றுக்கு 18 டாலர் அளவில் தானாகவே கணக்கில் ஏறும், பிள்ளைகளுக்கும் உண்டு. ஆறு பேர், ஏழு நாள், 18 டாலர் என்றால் 756 டாலர். முன்கூட்டியே கட்டவில்லை என்றால் இப்போதே கட்டிவிடுங்கள். கவுன்டரில் சொல்லி இதைக் குறைக்கலாம், எடுத்தும் விடலாம் என்று உங்களுக்கு யாராவது யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். உங்கள் அறையைத் துடைத்து, மாமனாருக்குத் தயிர் எங்கே என்று தேடிக்கொண்டு வருகிறவர்களின் வருமானம் அது. பலர் நம் ஊர்ப் பக்கத்திலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் வந்து, மாதக்கணக்கில் வீட்டைப் பார்க்காமல் வேலை செய்கிறவர்கள். கிறிஸ்துமஸும் அவர்களுக்கு வேலை நாள்தான்.

அடுத்தது மதுபான பேக்கேஜ். பெரும்பாலான கம்பெனிகளில் ஒரே கேபினில் இருக்கும் பெரியவர்களில் ஒருவர் வாங்கினால் மற்றவரும் வாங்கியாக வேண்டும். நீங்கள் குடிக்காவிட்டாலும் உங்கள் பங்குக்கும் கட்ட வேண்டும். நாளுக்கு 80 டாலர் என்று வைத்தாலும் இரண்டு பேருக்கு ஏழு நாளில் 1,120. அதன் மேல் 18 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்ந்தால் 1,321 டாலரைத் தாண்டும். அந்தக் காசு திரும்ப வர, உங்கள் கணவர் ஒருவரே தினமும் பத்து, பதினொரு காக்டெயில் குடிக்க வேண்டியிருக்கும். அப்பா, அம்மா பக்கத்துக் கேபினில் இருக்கும்போது அவர் அப்படிக் குடிக்கப் போவதில்லை. வேண்டும்போது ஒரு பியர், ஒரு கிளாஸ் என்று வாங்கிக்கொள்ளட்டும். பல கம்பெனிகள் ஏறும் நாளன்று பெரியவர் ஒருவருக்கு 750 மி.லி. ஒயின் பாட்டில் ஒன்றைக் கையில் கொண்டுவர விடுகின்றன. பிள்ளைகளுக்குத் தண்ணீர், லெமனேட், காலையில் ஜூஸ், பெரியவர்களுக்கு டீ, காபி எல்லாம் டிக்கெட்டிலேயே அடக்கம்.

சாப்பாட்டில்தான் நம் குடும்பங்கள் தேவையில்லாமல் பணம் விடுகின்றன. முதல் இரவு மெனு கார்டைப் பார்த்து, "இதில் அம்மாவுக்கு ஒன்றும் இல்லையே" என்று பதறி, மறுநாளே ஆளுக்கு 50, 60 டாலர் கொடுத்துத் தனி உணவகத்துக்குப் போகிறார்கள். அவசியமே இல்லை. முதல் இரவு பிரதான டைனிங் ஹாலில் உட்கார்ந்ததும் தலைமை வெயிட்டரைக் கூப்பிட்டு, "மாமியார் சுத்த சைவம், முட்டையும் சாப்பிட மாட்டார், மாமனாருக்கு சுகர்" என்று சொல்லிவிடுங்கள். அநேகமாக அவரே இந்தியராக இருப்பார், இல்லையென்றால் சமையலறையில் ஒருவர் இருப்பார். மறுநாள் இரவிலிருந்து பருப்பு, காய்கறி, சாதம், சப்பாத்தி தனியாக வரும். கூடுதல் கட்டணம் கிடையாது. பஃபேயிலும் தினம் ஏதாவது ஒரு இந்தியப் பதார்த்தம் இருக்க வாய்ப்பு உண்டு. ரைஸ் குக்கரையும் கெட்டிலையும் பெட்டியில் வைக்காதீர்கள், ஸ்கேனிங்கில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். வீட்டில் செய்த புளியோதரையும் கூடாது. கடையில் வாங்கிய, சீல் பிரிக்காத முறுக்கு, பிஸ்கட், பருப்புப் பொடி பாக்கெட் பரவாயில்லை. மாமனாரின் மாத்திரைகள், சுகர் பார்க்கும் மெஷின், எல்லோருக்கும் ஒரு செட் மாற்றுத்துணி கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டிகள் கேபினுக்கு வர சாயங்காலம் ஆகலாம். அலை ஆட்டத்தில் வரும் தலைசுற்றல், வாந்திக்கான மாத்திரையை டாக்டரிடம் கேட்டு இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். டிசம்பரில் வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கினால் மெக்சிகோ வளைகுடா சற்று ஆட்டம் காட்டும்.

வைஃபை ஒரே ஒரு கருவிக்கு, கிளம்புவதற்கு முன்பே வாங்குங்கள். கப்பலில் வாங்குவதைவிட விலை குறையும். சுமார் 150 டாலர் ஒதுக்கலாம். கோயம்புத்தூருக்கு வீடியோ கால் பேச அது போதும். மற்ற போன்களை ஏறியவுடன் ஏர்பிளேன் மோடில் போடுங்கள். மாமனாரின் போனை நீங்களே வாங்கிப் போட்டுக்கொடுங்கள். கப்பலுக்கென்று தனி செல்போன் டவர் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் வாட்ஸ்அப் வீடியோ இறங்கினால் போன் பில் பயமுறுத்தும்.

கப்பல் கணக்கோடு டெபிட் கார்டை இணைக்கவே இணைக்காதீர்கள். நாளுக்கு நாள் ஒரு தொகையை அவர்கள் முன்பிடித்தம் செய்து வைப்பார்கள். டெபிட் கார்டு என்றால் உங்கள் வங்கிக் கணக்கிலேயே பணம் முடங்கும், இறங்கிய பிறகும் சில நாள் விடுபடாது. ஜனவரி வாடகையோ மார்ட்கேஜோ அதில் மாட்டிக்கொள்ளும். 13 வயதுப் பிள்ளையின் அட்டை உங்கள் கணக்கோடு சேர்ந்தது என்பதையும் மறக்க வேண்டாம். வீடியோ கேம் அறையில் அந்த அட்டையைத் தட்டினால் போதும், பணம் போய்க்கொண்டே இருக்கும். ஏறிய அன்றே கெஸ்ட் சர்வீஸ் கவுன்டரில் இரண்டு பிள்ளைகளின் அட்டைகளிலும் செலவு உரிமையை நிறுத்தச் சொல்லுங்கள், அல்லது வாரத்துக்கு 30 டாலர் என்று வரம்பு வையுங்கள். பிள்ளைகள் கிளப் பகலில் இலவசம். இரவு பத்து மணிக்கு மேல் விட்டால்தான் மணிக்கணக்கில் காசு.

இதுவரை வேண்டாம், வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டு வந்தேன். கூடுதலாகச் செலவழியுங்கள் என்று நான் சொல்வது இன்ஷூரன்ஸுக்கு. இதற்கு 2,000-ஐத் தொடாமல் தனியாகப் பணம் எடுங்கள். கப்பல் மருத்துவமனையில் உங்கள் இன்ஷூரன்ஸ் கார்டை வாங்கிக்கொள்ள மாட்டார்கள். கட்டணம் நேராகக் கப்பல் கணக்கில் ஏறும், பிறகு நீங்கள்தான் க்ளெய்ம் செய்ய வேண்டும். நடுக்கடலிலிருந்தோ ரோவாட்டானிலிருந்தோ நோயாளியை அமெரிக்காவுக்குக் கொண்டுவர பல பத்தாயிரம் டாலர் ஆகலாம். பெற்றோருக்கு நீங்கள் வாங்கிய விசிட்டர் இன்ஷூரன்ஸ் கப்பலிலும் மெக்சிகோ, ஹோண்டுராஸிலும் செல்லுமா, ஏற்கெனவே உள்ள நோய் திடீரென்று முற்றினால் மாமனாரின் வயதில் எவ்வளவு வரை தரும், அவசர இடமாற்றம் உண்டா என்ற மூன்றையும் போன் செய்து கேளுங்கள், பதிலை ஈமெயிலில் வாங்குங்கள். இல்லை என்றால், இருவருக்கும் மருத்துவமும் இடமாற்றமும் அடங்கிய பயண பாலிசி எடுங்கள். பயண ரத்துக்கான பாலிசியில் பழைய நோயால் ரத்தானாலும் பணம் கிடைக்க வேண்டுமென்றால், முதல் தவணை கட்டி இரண்டு, மூன்று வாரத்துக்குள் வாங்கியிருக்க வேண்டும். அந்தக் கெடு உங்களுக்குக் கடந்திருக்கும். மருத்துவப் பாலிசியைக் கிளம்பும் முன்பு வரை வாங்கலாம். உங்கள் நால்வருக்கும் ஆபீஸ் இன்ஷூரன்ஸ் வெளிநாட்டு அவசர சிகிச்சைக்குத் தருமா என்பதையும் கேட்டு வையுங்கள்.

துறைமுகங்களுக்கு 700 டாலர் வையுங்கள். கோசுமெல்லில் இறங்கி துலும் பார்க்கலாமா என்று கணவர் கேட்பார். படகில் பிளாயா டெல் கார்மென் போய், அங்கிருந்து சாலைப் பயணம். டிசம்பர் காற்றில் அந்தப் படகு பெரியவர்களைப் படுத்திவிடும். தீவிலேயே சான் கெர்வாசியோ என்று மாயன் கோயில் சிதிலங்கள் உண்டு, டாக்சியில் போய் மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம். தூரமான இடம் போயே ஆக வேண்டுமென்றால் விலை கூடினாலும் கப்பல் கம்பெனியின் டூரில் போங்கள். அவர்கள் டூர் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்களாகப் போய்த் தாமதித்தால் காத்திருக்காது, அடுத்த ஊருக்கு ஆறு பேருக்கும் விமானச் செலவு உங்களுடையது. கோசுமெல் கடிகாரம் டிசம்பரில் டெக்சஸைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். எது கப்பல் நேரம் என்று இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாமியார் நகைக் கடைகளைப் பார்ப்பார். கப்பலில் அங்குலக் கணக்கில் விற்கும் தங்கச் சங்கிலிகள் பெரும்பாலும் மேல்பூச்சுதான். துறைமுகக் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 14 கேரட், அதாவது 58.5 சதவீதம் தங்கம். நம் ஊர் 22 கேரட்டோடு ஒப்பிட்டு விலை மலிவு என்று நினைத்துவிடக் கூடாது. கப்பலில் பரிந்துரைக்கும் கடைகள் அந்த விளம்பரத்துக்குப் பணம் கட்டியவை.

டிப்ஸ் 756, வைஃபை 150, துறைமுகம் 700 போக, கையில் ஏறக்குறைய 400 டாலர் நிற்கும். அதில் ஒரு நல்ல குடும்பப் போட்டோ கட்டாயம் வாங்குங்கள். இரண்டாம் இரவு எல்லோரும் உடுத்திக்கொண்டு வரும் ஃபார்மல் நைட்டாக இருந்தால், மாமியாரைப் பட்டுப்புடவை எடுத்துவரச் சொல்லுங்கள். எத்தனை பின்னணியில் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், எடுப்பதற்குக் காசில்லை. பிடித்த ஒன்றை மட்டும் வாங்கினால் போதும். 25-ஆம் தேதி சாண்டாவும் கேரல் பாட்டும் வான்கோழி விருந்தும் எல்லோருக்கும் பொது, தனிக் கட்டணம் இல்லை.

கடைசியாக போனஸ். பிப்ரவரியிலேயே முழுதும் கட்டிவிட்டால் வட்டி பெரிய தொகை ஆகாது, உங்கள் கணவர் சொல்வது அந்தவரை சரி. ஆனால் போனஸ் தேதி கம்பெனி கையில் இருக்கிறது, கார்டின் கெடு தேதி வங்கி கையில் இருக்கிறது. 3,000 டாலர் பாக்கி நின்று, 22 சதவீத வட்டியில் மாதம் 100 டாலராகக் கட்டினால் முடிய 44 மாதம் ஆகும்; வட்டி மட்டும் 1,400 டாலருக்குப் பக்கம். பாக்கி நிற்கும் மாதங்களில் நீங்கள் வாங்கும் மளிகைக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். அதனால் 2,000-ஐத் தாண்டும் நிலை வந்தால் கார்டைத் தொடாமல் உங்கள் சேமிப்பிலிருந்து 300, 400 எடுத்துக்கொள்ளுங்கள். அவசரநிதிக்கு அதை மார்ச்சுக்குள் திருப்பிப் போட்டுவிடலாம். போனஸ் வந்தால் அதை நிரப்பிவிட்டு, மீதியைப் பிள்ளைகளின் 529 என்ற படிப்புச் சேமிப்புக் கணக்கில் சேருங்கள். மூத்தவனோ மூத்தவளோ காலேஜ் போக இன்னும் ஐந்து வருடம்தான் இருக்கிறது.