பில் மெயிலுக்கு ஒரு பெயர் வையுங்கள்: நுகர்வோர் கேள்வி-பதில்

மெயில்களை கமாண்ட் லைனிலேயே, அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையிலேயே, பெயர் போட்டுத் தொகுத்துக்கொள்ளலாம், அதற்குக் காசு தேவையில்லை என்று போன முறை இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் இவை. நீளத்தைக் குறைத்திருக்கிறேன், திட்டுகளை அப்படியே விட்டிருக்கிறேன்.

கே: மெயில்களைத் தானாகப் பிரித்துத் தரும் ஆப், முதல் மாதம் இலவசம் என்றார்கள். கார்டு விவரம் கொடுத்தேன். பிடிக்காமல் ஆப்பை அழித்தும் விட்டேன். இப்போது ஆண்டுச் சந்தா 3,600 ரூபாய் போயிருக்கிறது. திரும்பக் கிடைக்குமா? நீங்கள் சொல்லும் இலவச வழி என்ன? (வாசகி, ஈரோடு)

ப: ஆப்பை அழித்தால் சந்தா ரத்தாகாதம்மா. இது உங்களுக்குத் தெரியாது என்று நம்பித்தான் அவர்கள் கடையே நடத்துகிறார்கள். முதலில் சந்தாவை ரத்து செய்யுங்கள். தொடர் கட்டணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பாவது வங்கி உங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த மெயிலோ எஸ்எம்எஸ்ஸோ வந்ததா என்று தேடுங்கள். வரவில்லை என்றால் வங்கிக்கும் எழுதுங்கள். சேர்வதை எளிதாகவும் விலகுவதைக் கடினமாகவும் வைப்பதை 'சந்தாப் பொறி' என்று 2023-ஆம் ஆண்டின் மத்திய அரசு வழிகாட்டுதல்கள் தடை செய்திருக்கின்றன. அதைக் குறிப்பிட்டு நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்யுங்கள்.

அடுத்து, இலவச வழி. இரண்டு கருவிகள் வேண்டும். எம்பிசிங்க் உங்கள் மெயில்களைக் கணினிக்கு இறக்கும். நாட்மச் அவற்றைப் படித்து அட்டவணை போட்டு, நீங்கள் சொல்லும் பெயர்களை ஒட்டும். இரண்டும் சுதந்திர மென்பொருள்கள், அதாவது யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம். ஜிமெயில் என்றால் இரண்டு கட்ட சரிபார்ப்பை இயக்கி, 'ஆப் பாஸ்வேர்டு' ஒன்றைத் தனியாக எடுத்து எம்பிசிங்க்கில் கொடுங்கள். அப்புறம் டெர்மினலில், அதாவது அந்தக் கட்டளைத் திரையில், நாட்மச் டேக் (டேக் என்றால் ஒட்டும் பெயர்) என்று அடித்து, கூட்டல் குறியோடு ஒரு பெயர், இரண்டு சிறுகோடுகள், கடைசியில் எந்த மெயில்கள் என்ற தேடல். அவ்வளவுதான். மின்வாரியத்திலிருந்து வந்த அத்தனை மெயிலுக்கும் ஒரே வரியில் 'கரன்ட்பில்' என்று பெயர் வைத்துவிடலாம். ஒரு மெயிலுக்கு எத்தனை பெயர் வேண்டுமானாலும் வைக்கலாம் என்பதால், ஃப்ரிட்ஜ் பில் 'பில்' தொகுப்பிலும் இருக்கும், 'வாரன்டி' தொகுப்பிலும் இருக்கும். புதிய மெயிலை நாட்மச் அட்டவணையில் சேர்த்ததும் இதே வரிகள் தானாக ஓட, போஸ்ட்-நியூ என்ற ஹுக் கோப்பில் எழுதி வைத்துவிடுங்கள்.

கே: இதற்கு ஐ-7 பிராசஸரும் 16 ஜிபி ரேமும் கட்டாயம் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? (திருச்சி)

ப: வேண்டாம். வீட்டில் இருக்கும் பழைய லேப்டாப் போதும்.

கே: பழைய லேப்டாப் ஒன்று வாங்கினேன். பில்லில் 'லினக்ஸ் உரிமக் கட்டணம் 2,500, மெயில் மென்பொருள் உரிமம் 1,500' என்று தனியாகப் போட்டிருக்கிறார்கள். லினக்ஸ் என்ற இயங்குதளம் இலவசம் என்று இப்போதுதான் தெரிந்தது. நான் ஏமாந்துவிட்டேனா? (கல்லூரி மாணவர், நாகர்கோவில்)

ப: ஏமாற்றப்பட்டீர்கள் தம்பி. கூச்சப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை. நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: லினக்ஸை நிறுவித் தந்ததற்குக் கூலி வாங்குவது தப்பில்லை. சுதந்திர மென்பொருளைக் காசுக்கு விற்கவும் அதன் உரிமமே அனுமதிக்கிறது. ஆனால் இல்லாத உரிமக் கட்டணத்தைப் பில்லில் எழுதுவது பொய். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதை நியாயமற்ற வணிக முறை என்கிறது. அந்தப் பில்தான் உங்கள் ஆயுதம், பத்திரமாக வையுங்கள். முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் பேசி முடித்துவிடாதீர்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் புகார்க் கட்டணம் கிடையாது.

கே: 100 ஜிபி இடம் வாங்கினேன். எல்லா மெயிலுக்கும் லேபிள் போட்டேன். அப்படியும் இடம் நிரம்புகிறதே?

ப: லேபிள் போட்டால் மெயில் மெலிந்துவிடுமா? பெயர் வைப்பது கண்டுபிடிக்கத்தான். இடம் வேண்டுமென்றால் பெரிய இணைப்புகளைத் தேடி அழிக்க வேண்டும். கூகுளின் இலவச 15 ஜிபியில் போட்டோவும் டிரைவும் மெயிலும் பங்கு போடுகின்றன. எது தின்கிறது என்று ஒரு முறையாவது பார்த்துவிட்டுக் காசு கட்டியிருக்கலாம்.

கே: இணையத்தில் கிடைத்த எம்பிசிங்க் அமைப்புக் கோப்பை அப்படியே ஒட்டினேன். கணினியில் இடம் போதாமல் பழைய மெயில்களை அழித்தேன். சர்வரிலும் அழிந்துவிட்டன! இந்தக் கருவியைப் பரிந்துரைத்த நீங்கள்தான் பொறுப்பு. (சென்னை)

ப: இல்லை. எம்பிசிங்க் தன்னிஷ்டத்துக்கு எதையும் நிரந்தரமாக நீக்காது. நீங்கள் ஒட்டிய கோப்பில் 'எக்ஸ்பஞ்ச் போத்' என்று ஒரு வரி இருந்திருக்கும். இரு பக்கமும் நீக்கு என்று அதற்குப் பொருள். யாரோ முன்பின் தெரியாதவர் எழுதிய வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். ஜிமெயில் என்றால் இப்போதே குப்பைத்தொட்டியைப் பாருங்கள், அங்கே போயிருந்தால் 30 நாள் வரை இருக்கும். அடுத்த முறை ஒரு பக்கமாக இறக்க மட்டும் சொல்லுங்கள். 'சிங்க் புல்' என்பதே போதும்.

கே: டெர்மினல் எல்லாம் நமக்கு எதற்கு? மெயில்பெட்டியை இலவசமாகச் சுத்தம் செய்து தரும் தளங்கள் இருக்கின்றனவே! (மதுரை)

ப: வந்துவிட்டீர்களா! இதற்காகத்தான் காத்திருந்தேன்.

அமெரிக்காவில் அன்ரோல்மீ என்று ஒரு சேவை. வேண்டாத விளம்பர மெயில்களிலிருந்து இலவசமாக விலக்கிவிடும். மக்கள் மெயில்பெட்டிச் சாவியைத் தூக்கிக் கொடுத்தார்கள். அந்தச் சேவையோ உள்ளே இருந்த வாங்கல் ரசீதுகளைத் தன் தாய் நிறுவனமான ஸ்லைஸுக்குக் கொடுத்தது. ஸ்லைஸ் அந்தத் தகவல்களைச் சந்தை ஆய்வு என்று விற்றது. போட்டி நிறுவனமான லிஃப்ட்டின் ரசீதுகளிலிருந்து எடுத்த தகவலை ஊபர் வாங்கியது 2017-இல் வெளிவந்தது. உங்கள் சொந்த மெயில்களைத் தொடவே மாட்டோம் என்று பயனர்களிடம் சொல்லியிருந்ததை 2019-இல் அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்டிசி ஏமாற்று என்றது. வழக்கு உடன்பாட்டில் முடிந்தது.

என்ன வாங்கினீர்கள், எங்கே, எவ்வளவுக்கு, எந்தத் தேதியில் என்பதெல்லாம் பில் மெயிலில் இருக்கிறது. பாஸ்வேர்டு மாற்றும் இணைப்பும், வங்கி அறிக்கையும் அதே பெட்டிக்குத்தான் வருகின்றன. வீட்டுச் சாவியை வேலைக்காரருக்குக் கொடுக்கும்போது நாலு பேரிடம் விசாரிக்கிற நாம், இங்கே மட்டும் 'அனுமதி' பொத்தானை ஒரே அழுத்தாக அழுத்திவிடுகிறோம். நாட்மச் உங்கள் கணினியிலேயே உட்கார்ந்து வேலை செய்கிறது. மெயிலை இறக்கக்கூட அதற்குத் தெரியாது. எந்தச் சர்வருக்கும் எதையும் அனுப்பாது. அழகாக இல்லை என்பீர்கள். இல்லைதான். இதற்கு முன் அழகான ஒன்றுக்கு 'வாழ்நாள் உரிமம்' என்று காசு கட்டினேன். யாருடைய வாழ்நாள் என்று கேட்கவில்லை. கம்பெனி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது.

கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போய், எந்தெந்த ஆப்புக்கு மெயில் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று இன்றே பாருங்கள். பெயர் நினைவில்லாத எல்லாவற்றையும் நீக்குங்கள்.

கே: பல்கலைக்கழகக் கணினி மையத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். அந்த நாளில் எம்எச் என்ற மெயில் நிரலைப் பயன்படுத்தினோம். இன்னும் இருக்கிறதா? (கோவை)

ப: இருக்கிறது ஐயா, என்எம்எச் என்ற பெயரில். அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் புரூஸ் போர்டன் 1979-இல் எழுதிய அதே யோசனைதான்: ஒரு மெயிலுக்கு ஒரு கோப்பு, ஒரு வேலைக்கு ஒரு கட்டளை. பிக் கட்டளையால் தேடி, கிடைத்தவற்றைப் பெயருள்ள வரிசையாக வைக்கலாம். மார்க் கட்டளையால் சேர்க்கலாம், கழிக்கலாம். ஒரு வரிசை ஒரு ஃபோல்டருக்குள் மட்டும்தான் செல்லும் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். பல ஆண்டு பில்களை ஒன்றாகப் பார்க்க நாட்மச் வசதி. கை பழகியதை விட மனமில்லை என்றால் என்எம்எச்சிலேயே இருங்கள்.

கே: 'கமாண்ட் லைன் மெயில் நிபுணர்' சான்றிதழ் வகுப்பு, 12,000 ரூபாய். சேரலாமா?

ப: வேண்டாம். மேன் என்று அடித்து, பக்கத்தில் கருவியின் பெயரைப் போட்டால் கையேடு இலவசமாகத் திறக்கும்.

கே: ஒரு வருடம் பொறுமையாக மெயில்களுக்கு டேக் போட்டேன். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. மெயில்கள் சர்வரில் இருக்கின்றன, டேக் ஒன்றுகூட இல்லை. ஃப்ரிட்ஜ் வாரன்டி பில்லைத் தேடி அழுகிறேன். (வேலூர்)

ப: வருத்தமாக இருக்கிறது. டேக்குகள் நாட்மச்சின் தரவுத்தளத்தில்தான் இருக்கும், மெயிலுக்குள் எழுதப்படுவதில்லை. இனி வாரம் ஒரு முறை நாட்மச் டம்ப் கட்டளையை ஓட்டுங்கள், எல்லா டேக்கும் ஒரு சிறிய உரைக்கோப்பாக வெளியே வரும். மெயிலின் அடையாள எண்ணை வைத்து எழுதுவதால், புதிதாக இறக்கிய மெயில்களிலும் ரெஸ்டோர் கட்டளை அவற்றைத் திரும்ப ஒட்டிவிடும். அந்தக் கோப்பை வேறு இடத்தில் வையுங்கள். நடைபாதையில் 400 ரூபாய்க்குக் கிடைக்கும் 'ஒரு டெராபைட்' பென் டிரைவில் வைக்காதீர்கள். நான் வாங்கியதில் நிஜமான கொள்ளளவு பெயருக்குத்தான் இருந்தது.

ஃப்ரிட்ஜ் பில்லுக்கு: கம்பெனி பெயரையும் வாங்கிய மாதத்தையும் சேர்த்துச் சர்வரிலேயே தேடுங்கள். மெயிலில் பில் இணைப்பாக இல்லாமல் லிங்க் மட்டும் இருந்து, அதுவும் காலாவதியாகியிருந்தால், கடையில் உங்கள் போன் எண்ணைச் சொல்லி நகல் கேளுங்கள். கிடைத்ததும் பிடிஎஃப் கோப்பை உங்களுக்கே ஒரு மெயிலாக அனுப்பி, அதற்கு 'வாரன்டி' என்று டேக் போடுங்கள்.