கிளேசர், பாய்காட், காலி சீட்டு: கணக்குப்பிள்ளையிடம் கேளுங்கள்

தொழில் ஆடிட், வீடு பெரம்பூர். இங்கிலாந்து ஃபுட்பால் கிளப்புகளோட வருஷக் கணக்கைத் தொடர்கதை மாதிரி படிக்கிற வியாதி எனக்கு உண்டு. முதலாளி பிடிக்கலைன்னா ரசிகன் மேட்ச்சுக்குப் போகாம இருக்கணுமான்னு ரெண்டு வாரமா அடிச்சுக்கிறீங்க. கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன். அடுத்து எந்த பிளேயரை வாங்குவாங்கன்னு மட்டும் கேட்காதீங்க.

ராயபுரம் ரைட்பேக்: அண்ணே, மான்செஸ்டர் யுனைட்டெட் முதலாளி கிளேசர் குடும்பம் மேல ஏன் இவ்ளோ கோவம்? காசு கொட்டித்தானே பிளேயர் வாங்குறாங்க?

கொட்டுறது யார் காசு தம்பி? 2005ல மால்கம் கிளேசர் மான்செஸ்டர் யுனைட்டெடை ஏறக்குறைய 79 கோடி பவுண்டுக்கு வாங்கினார். அதுல பெரும்பகுதி கடன். அந்தக் கடன்லயும் பெரும்பங்கைக் கிளப் தலையிலயே கட்டிட்டாங்க. அதுவரை கடனில்லாத கிளப் அது. நான் கடன் வாங்கி ஒரு ஓட்டலை வாங்குறேன், வட்டியை அந்த ஓட்டல் கல்லாவிலிருந்தே எடுத்துக் கட்டுறேன்னு வைங்க. இட்லி விலை ஏறும், கூரை ஒழுகும். யுனைட்டெடோட ஸ்டேடியம் ஓல்ட் டிராஃபோர்டு கூரை நிஜமாவே ஒழுகுது. 2024 மே மாசம் ஆர்சனல் மேட்ச் அன்னைக்கு அருவி மாதிரி கொட்டினதைப் பார்த்திருப்பீங்க. அந்த வருஷம் பிரிட்டன் தொழிலதிபர் ஜிம் ராட்க்ளிஃப் கால் பங்குக்குக் கொஞ்சம் மேல வாங்கினார். ஓட்டுரிமையில பெரும்பான்மை இன்னும் கிளேசர் குடும்பத்துக்கிட்டதான்.

ஆஃப்சைடு அய்யாசாமி: பாய்காட் பண்ணி ஜெயிச்சவன் ஒருத்தனாவது உண்டா சார்? சும்மா கதை விடாதீங்க.

உண்டு. பிளாக்பூல். கடலோர ஊர், 2010-11ல ஒரே ஒரு சீசன் பிரீமியர் லீக்ல ஆடினாங்க. அந்தக் காசு வந்த பிறகுதான் தகராறு. ஓய்ஸ்டன் குடும்பம்தான் முதலாளி. கிளப் கீழே கீழே இறங்குது, காசு எங்கே போச்சுன்னு ரசிகன் கேட்கிறான், கேட்டவன் மேலயே அவதூறு வழக்கு. ‘இனி ஒரு பென்னி தர மாட்டோம்’னு சொல்லி வருஷக்கணக்கா வெளியிலயே நின்னாங்க. 2017ல வெம்ப்ளியில பிளேஆஃப் ஃபைனல். சொந்த டீம் ஜெயிச்சு மேல் டிவிஷனுக்குப் போகுது, அதுக்கும் பெரும்பாலானவங்க போகலை. அந்த ஒரு நாள் வீட்ல உட்கார்ந்திருக்க எவ்வளவு வைராக்கியம் வேணும்னு யோசிச்சுப் பாருங்க. நானா இருந்தா போயிருப்பேன்.

ஆனா அய்யாசாமி சார், இங்க ஒரு விஷயம். முதலாளியைக் கவிழ்த்தது காலி சீட்டு மட்டும் இல்ல. கூட்டாளி பெலோகான் கோர்ட்டுக்குப் போனார். 2017 நவம்பர்ல அவருக்கு 3 கோடி பவுண்டுக்கு மேல கொடுக்கணும்னு தீர்ப்பு. முழுசாக் கொடுக்கலை. 2019ல கோர்ட்டு ரிசீவரைப் போட்டது, அதாவது கிளப்பை முதலாளி கையிலிருந்து எடுத்துப் பார்த்துக்க ஒரு ஆள். மார்ச் மாசம் சவுத்எண்ட் மேட்ச்சுக்குக் கூட்டம் திரும்பி வந்தது, பதினஞ்சாயிரத்துக்கு மேல. கடைசி நிமிஷத்துல சமன் பண்ண கோலை யூட்யூப்ல பாருங்க. டீம் ஜெயிக்கக்கூட இல்ல, அதுக்கே பெரியவங்க அழுறாங்க.

பட்டாளம் பெனால்டி: சீசன் டிக்கெட் வச்சிருக்கிறவங்க எல்லாம் உள்ளே போகாம சீட்டைக் காலியா விட்டா?

டிவியில பார்க்க நல்லா இருக்கும். காசு ஜூன், ஜூலையிலயே முதலாளி கைக்குப் போயாச்சே. காசு எப்போ கை மாறுதுன்னு பாருங்க. கை மாறின பிறகு சீட்டைக் காலியா விட்டா அவருக்கு நஷ்டம் உள்ளே விக்கிற ஒரு பப்ஸும் ஒரு பீரும். புதுப்பிக்கிற நேரத்துல கையை மடக்கினாத்தான் அது பாய்காட்.

கோல்போஸ்ட் கோமளா: முழுசா போகாம இருக்கணும்னு இல்லையே? பாதியில எழுந்து போனா?

நல்ல கேள்விம்மா. 2016 பிப்ரவரி, லிவர்பூல். புது ஸ்டாண்டுல டிக்கெட் 77 பவுண்டுன்னு அறிவிச்சாங்க. சண்டர்லேண்ட் மேட்ச்ல 77ஆவது நிமிஷம் ஆயிரக்கணக்கானவங்க எழுந்து வெளியே போயிட்டாங்க. அப்போ லிவர்பூல் 2-0ன்னு முன்னால. முடியும்போது 2-2! சில நாள்ல முதலாளிங்க மன்னிப்புக் கேட்டு விலையை வாபஸ் வாங்கினாங்க. கோரிக்கை சின்னது, தேதியும் நிமிஷமும் குறிச்சது. அதான் பலிச்சது. ‘முதலாளியே வெளியே போ’ வேற கணக்கு.

ரெட்டேரி ரெட்: கிளேசரை எப்போ துரத்தலாம்?

அவங்க விக்கும்போது.

மைலாப்பூர் மேக்பை: நியூகாசில் கிளப்புல முதலாளி ஆஷ்லி போனாரே, அது வெற்றிதானே?

2007ல வந்தார், 2021ல வித்தார். பெரும்பங்கை வாங்கினது சவுதி அரசு முதலீட்டு நிதி. போறவரைத் துரத்தலாம், வர்றவரைத் தேர்ந்தெடுக்கிறது உங்க கையில இல்ல. மீதியை நீங்களே யோசிங்க.

பீச் ரோடு பாலு: நம்ம சென்னையின் எஃப்சிக்கும் ஒரு பாய்காட் போடலாமா?

நேரு ஸ்டேடியத்தை முதல்ல ஒரு தடவை நிரப்பிக் காட்டுங்க. நிறைஞ்ச இடம் காலியானாத்தான் கண்ணுக்குத் தெரியும்.

கொளத்தூர் கீப்பர்: நாம டிவி சந்தாவை நிறுத்தினா கிளேசருக்கு வலிக்குமா?

ஒளிபரப்பு உரிமையைப் பல வருஷத்துக்கு மொத்தமா லீக்தான் விக்குது. காசு எப்போ கை மாறுதுன்னு... சரி, அதையே திரும்பச் சொல்றேன். அடுத்த ஏலம் வரைக்கும் வலிக்காது. பெரிய கிளப்புல டிவியும் ஸ்பான்சரும் போக மீதிதான் கேட் வசூல். சின்ன கிளப்புல கேட்தான் சோறு. பிளாக்பூல்ல பாய்காட் உறைச்சது, ஓல்ட் டிராஃபோர்டுல உறைக்காதது அதனாலதான்.

ஃப்ரீகிக் ஃபெலிக்ஸ்: கிளேசரை எப்போ…

ரெட்டேரிக்குச் சொன்ன பதில்.

சோழிங்கநல்லூர் ஸ்ட்ரைக்கர்: சார், டிசம்பர்ல ஆபீஸ் வேலையா மான்செஸ்டர் போறேன். ஒரு ஏஜென்ட் மூலமா சாப்பாட்டோட ஓல்ட் டிராஃபோர்டு டிக்கெட் எடுத்தாச்சு. போகலாம்ல?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். அந்த ஊர்க்காரன் ஒருத்தன் சீட்டை விட்டா வாங்க ஆள் நிக்குது. அதுல நாமளும் இருக்கோம், ஊர்க்காரனை விடப் பல மடங்கு கொடுக்கத் தயாரா. கிளேசருக்கு ரொம்பப் பிடிச்ச ரசிகன் நீங்கதான் சார்.

வியாசர்பாடி விங்கர்: அப்படிப் போடுங்க அண்ணே! இவரு கருங்காலி. வெளிய ஒருத்தன் ஸ்ட்ரைக் பண்றான், இவரு உள்ளே பிரியாணி சாப்பிடுறாரு.

சோழிங்கநல்லூர் ஸ்ட்ரைக்கர்: ஹலோ, இருபது வருஷக் கனவு அது. முல்லை நகர் கிரவுண்டுல ஆடினா நீங்க மட்டும்தான் ரசிகரா?

வியாசர்பாடி விங்கர்: ஷூ கிழிய ஆடினவனுக்குத்தான் தெரியும் டிக்கெட் காசோட அருமை.

ஆஃப்சைடு அய்யாசாமி: கருங்காலின்னு சொன்னதை வாபஸ் வாங்குங்க.

ரெண்டு பேரும் நிறுத்துங்க. விங்கர் தம்பி, நம்ம ஏரியாவுல இருந்துக்கிட்டு அந்த வார்த்தையை லேசா எடுக்காதே. 1921ல பின்னி மில் ஸ்ட்ரைக். வேலைக்குத் திரும்பிப் போனவங்கள்ல நிறைய பேர் ஆதிதிராவிடர்கள். அது புளியந்தோப்புல கலவரமாகி, குடிசைகள் எரிஞ்சு, துப்பாக்கிச்சூடு வரைக்கும் போச்சு. ஸ்ட்ரைக்கும் தோத்துது. பசிக்காக மில்லுக்குள்ள போனவனை அந்தப் பேர் சொல்லித் திட்டின ஊர் இது. வேடிக்கை பார்க்கப் போறவருக்கும் அதே பேரா? மில் வாசலோ ஸ்டேடிய வாசலோ, உள்ளே போக ஆள் நின்னா வெளியே நிக்கிறவன் பலம் குறையும், அது நிஜம். நிக்கிறவன் ஏன் நிக்கிறான்னும் பார்க்கணும்.

வியாசர்பாடி விங்கர்: சரிண்ணே. அந்த வார்த்தை வாபஸ். பிரியாணி வாபஸ் இல்ல.

ரெட்டேரி ரெட்: கூட்டத்தையே விட்டுப் போய்த் தனிக் கிளப் ஆரம்பிச்சாங்களே, அவங்க துரோகிங்கதானே?

எஃப்சி யுனைட்டெட் ஆஃப் மான்செஸ்டரைச் சொல்றீங்க. கிளேசர் வந்த அதே 2005ல ஆரம்பிச்சாங்க. பங்கு எவ்வளவு இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. பத்து வருஷத்துல பிராட்ஹர்ஸ்ட் பார்க்குனு சொந்த கிரவுண்டு கட்டினாங்க. சின்ன லீக்தான். துரோகின்னு நீங்க சொல்லுங்க, எனக்கு வாய் வரலை.

சோழிங்கநல்லூர் ஸ்ட்ரைக்கர்: சார், இவங்க பேசினதுல மனசு கேட்காம டிக்கெட்டை கேன்சல் பண்ணச் சொன்னேன். ரீஃபண்ட் கிடையாதாம்.

காசு கை மாறியாச்சு, அப்போ போயிட்டு வாங்க சார். உள்ளே ஜெர்சி, காபி கப்புன்னு எதுவும் வாங்காதீங்க. வெளியே தெருவுல பச்சை-தங்க நிற ஸ்கார்ஃப் கிடைச்சா வாங்குங்க. கிளப் நியூட்டன் ஹீத்துன்னு பேர் வச்சிருந்த காலத்து நிறம், 2010ல கிளேசர் எதிர்ப்புக்கு அதைத்தான் எடுத்தாங்க. நடுவுல ஒரு நாள் கிடைச்சா, பிராட்ஹர்ஸ்ட் பார்க்ல மேட்ச் இருக்கான்னு பார்த்து அங்கேயும் ஒரு டிக்கெட் எடுங்க. விங்கருக்கும் ஒரு ஸ்கார்ஃப்.

ஃப்ரீகிக் ஃபெலிக்ஸ்: அப்போ கிளேசரை…

கடையைச் சாத்தியாச்சு ஃபெலிக்ஸ்.