லிக்டன்ஸ்டைனுக்கு இந்தியாவில் தூதரகம் இல்லை. விசா யார் தருவார்கள்?

கேள்வி: கோவையில் இயந்திர உதிரிபாக நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். லிக்டன்ஸ்டைன் நாட்டின் ஷான் நகரில் உள்ள நிறுவனம் ஒன்று புதிய இயந்திரம் பற்றிய மூன்று வாரப் பயிற்சிக்கு அழைத்திருக்கிறது. தங்குமிடம் எல்லைக்கு அந்தப் பக்கம், சுவிட்சர்லாந்தின் புக்ஸ் நகரில். பயிற்சி முடிந்ததும் நான்கு நாள் ஆஸ்திரியாவைப் பார்த்துவிட்டுத் திரும்ப நினைக்கிறேன். டெல்லியிலோ சென்னையிலோ லிக்டன்ஸ்டைன் தூதரகம் இருப்பதாகத் தெரியவில்லை. "சுவிஸ் டூரிஸ்ட் விசா எடுத்தால் போதும்" என்கிறார் ஏஜென்ட். அது சரியா? அங்கே பாஸ்போர்ட் தொலைந்தால் யாரிடம் போவது?

பதில்: சுவிஸ் கவுன்ட்டரில் விண்ணப்பிக்க வேண்டும் என்பது வரை ஏஜென்ட் சொல்வது சரி. டூரிஸ்ட் என்று போடச் சொல்வது தவறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் உங்கள் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

லிக்டன்ஸ்டைன் 160 சதுர கிலோமீட்டர் பரப்பும் ஏறத்தாழ 40,000 மக்களும் கொண்ட நாடு. ஒவ்வொரு தலைநகரிலும் தூதரகம் வைத்து விசா ஒட்டிக்கொண்டிருக்க அதனால் இயலாது. முதல் உலகப் போர் வரை ஆஸ்திரியா அந்த வேலையைப் பார்த்தது. ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு சிதறியதும், 1919-இல் சுவிட்சர்லாந்து அந்தப் பொறுப்பை ஏற்றது. 1923-இல் கையெழுத்தான சுங்க ஒப்பந்தம் 1924 ஜனவரி 1 முதல் இரு நாடுகளையும் ஒரே சுங்க எல்லைக்குள் கொண்டுவந்தது. சுவிஸ் பிராங்க் தான் அங்கும் பணம். தனக்கென்று தூதரகம் இல்லாத நாடுகளில் லிக்டன்ஸ்டைன் குடிமக்களுக்கு உதவுவதும், அந்த நாட்டுக்குப் போகிறவர்களின் விண்ணப்பத்தை வாங்குவதும் இன்றுவரை சுவிஸ் தூதரகங்கள்தான்.

இதை வைத்து அந்த நாட்டுக்குச் சொந்தமாக வெளியுறவுக் கொள்கையே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். மிச்சப்படுத்திய ஆள்பலத்தை அது தன் குரல் எடுபடும் இடங்களில் வைத்திருக்கிறது: நியூயார்க், ஜெனீவா, ஸ்ட்ராஸ்பேர்க், பிரஸ்ஸல்ஸ், வியன்னா, பெர்லின், பெர்ன், வாஷிங்டன். ஐ.நா.வில் 1990-இல்தான் சேர்ந்தது. ஆனால் பாதுகாப்பு அவையில் யார் வீட்டோ போட்டாலும் பொது அவை கூடி அதை விவாதிக்க வேண்டும் என்ற தீர்மானத்தை 2022 ஏப்ரல் 26 அன்று முன்னின்று நிறைவேற்றியது இந்தச் சின்ன நாடுதான். 1868-இலேயே படையைக் கலைத்துவிட்ட ஒரு நாட்டுக்குச் சர்வதேசச் சட்டம்தான் காப்பு என்பதால் அதில் காட்டும் அக்கறை இயல்பானது. ஐரோப்பிய ஒன்றியத்தோடு ஒரே சந்தையாக இயங்கும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் சுவிட்சர்லாந்து சேரவில்லை; லிக்டன்ஸ்டைன் 1995-இல் சேர்ந்தது அதன் சொந்த முடிவு.

இதை உங்களுக்குச் சொல்லக் காரணம் இருக்கிறது. கவுன்ட்டர் இரவல், சட்டம் இரவல் இல்லை. யார் அங்கே வேலை செய்யலாம், யார் தங்கலாம் என்பதை அந்த நாட்டின் தலைநகர் வடூஸில் உள்ள வெளிநாட்டினர் மற்றும் பாஸ்போர்ட் அலுவலகம் தீர்மானிக்கிறது. சுவிஸ் அனுமதி எதுவும் தானாக அங்கே செல்லாது. சுவிட்சர்லாந்தில் வசிப்பதற்கான பி அல்லது சி அனுமதி வைத்திருக்கும் நம்மவர்கள் லிக்டன்ஸ்டைனுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அங்கே குடியேறவோ வேலைக்குச் சேரவோ வடூஸின் தனி அனுமதி வேண்டும்.

இனி உங்கள் பயணத்துக்கு வருவோம். லிக்டன்ஸ்டைன் 2011 டிசம்பர் 19 முதல் ஷெங்கன் பகுதியில், அதாவது ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்தில் இருக்கிறது. 90 நாளுக்குள் அடங்கும் பயணம் என்பதால் உங்களுக்குத் தேவை ஷெங்கன் சி வகை விசா. சுவிஸ் அரசின் விசா இணையதளத்தில் படிவத்தை நிரப்பி அச்செடுத்து, தூதரகங்களுக்காக விண்ணப்பம் வாங்கும் தனியார் நிறுவனமான வி.எஃப்.எஸ்.ஸின் சென்னை மையத்தில் முன்பதிவு செய்து நேரில் கொடுக்க வேண்டும். அந்த மையம் தாள்களை வாங்கி அனுப்பும், அவ்வளவுதான். முடிவெடுப்பதில் அதற்குப் பங்கில்லை. "மையத்தில் சொல்லிப் பார்க்கலாம்" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

படிவத்தில் முக்கியமாகச் சென்றடையும் நாடு எது என்ற கேள்விக்கு லிக்டன்ஸ்டைன் என்றே எழுதுங்கள். சுவிஸ் கவுன்ட்டர் என்பதால் பலர் சுவிட்சர்லாந்து என்று எழுதிவிடுகிறார்கள். அழைப்புக் கடிதத்தில் ஷான், படிவத்தில் சுவிட்சர்லாந்து, ஹோட்டல் சீட்டில் புக்ஸ் என்று மூன்றும் மூன்று திசையில் இருந்தால், பயண நோக்கம் தெளிவாக இல்லை என்று நிராகரிக்க இடம் கொடுத்தது போல ஆகிவிடும். அஞ்சல் குறியீடு இன்னொரு குழப்பம். இரு நாடுகளும் ஒரே வரிசை எண்களைப் பயன்படுத்துகின்றன: புக்ஸ் 9470, வடூஸ் 9490, ஷான் 9494. எண்ணைப் பார்த்து மட்டும் நாட்டைத் தீர்மானிக்க முடியாது, எனவே ஒவ்வொரு முகவரியிலும் நாட்டின் பெயரை எழுதுங்கள்.

நீங்கள் இரவு தூங்குவது சுவிட்சர்லாந்தில், பகலில் இருப்பது லிக்டன்ஸ்டைனில். இதில் தவறேதும் இல்லை. அந்த நாட்டில் வேலை செய்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தினமும் எல்லை தாண்டி வருகிறவர்கள்தான். ஆனால் கோப்பைப் புரட்டும் அதிகாரிக்கு அது தானாகப் புரிய வேண்டியதில்லை. முகப்புக் கடிதத்தில் இரண்டே வரியில் எழுதுங்கள்: பயிற்சி ஷானில், தங்குமிடம் புக்ஸில், தினமும் போய்வருவது பேருந்தில். ஆஸ்திரிய நான்கு நாளையும் தேதியோடு சேர்த்துவிடுங்கள். பயணத்தின் முக்கிய நோக்கமும் பெரும்பகுதி நாட்களும் பயிற்சிக்கானவை என்பதால் ஆஸ்திரியத் தூதரகத்துக்குப் போக வேண்டியதில்லை. விமானம் பிராங்க்பர்ட் வழியாகப் போனாலும் இதே கணக்குதான். முதலில் இறங்கும் நாடு எது என்பது, முக்கிய நாடு எது என்று பிரிக்க முடியாதபோது மட்டுமே எடுபடும்.

அழைப்புக் கடிதம்தான் இந்தக் கோப்பின் முதுகெலும்பு. நிறுவனத்தின் முகவரித்தாளில், உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்துகளில், பாஸ்போர்ட் எண், தொடங்கும் தேதி, முடியும் தேதி, பயிற்சி நடக்கும் இடம், அங்கே நீங்கள் என்ன செய்வீர்கள், பயணச் செலவும் தங்கும் செலவும் யாருடையது, கையெழுத்திட்டவரின் பதவி, தொலைபேசி எண் ஆகிய அனைத்தும் அதில் இருக்க வேண்டும். இதில் "என்ன செய்வீர்கள்" என்ற வரியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். வகுப்பில் உட்கார்ந்து கற்பது, இயந்திரத்தைச் செயல்முறையாகப் பார்ப்பது, கூட்டங்களில் கலந்துகொள்வது எல்லாம் வணிகப் பயணம். உற்பத்தி வரிசையில் நின்று இயந்திரத்தைப் பொருத்துவதோ பழுது பார்ப்பதோ வேலையாகக் கருதப்படலாம். சம்பளம் கோவையிலிருந்து வருகிறது என்பதால் மட்டும் அது வேலை இல்லை என்று ஆகிவிடாது. எந்தப் பக்கம் சேரும் என்ற ஐயம் துளி இருந்தாலும், அழைக்கும் நிறுவனமே வடூஸ் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டு, வரும் பதிலின் நகலை உங்களுக்கு அனுப்பட்டும். அதைக் கோப்பில் வையுங்கள். மூன்று வாரம் என்பது சாதாரணப் பயிற்சிக்குச் சற்று நீளம்தான். உங்கள் இடத்தில் யார் இருந்தாலும் இந்தக் கடிதம் இல்லாமல் விண்ணப்பிக்க வேண்டாம் என்றே சொல்வோம்.

மற்ற தாள்கள் எல்லா ஷெங்கன் நாட்டுக்கும் பொதுவானவை. பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகு 3 மாதமாவது செல்லுபடியாவதாகவும், 2 பக்கங்களாவது காலியாக உள்ளதாகவும் இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, வந்து போகும் நாட்கள் முழுவதற்கும். பாலிசியில் "ஷெங்கன் நாடுகள் அனைத்தும்" என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நாடுகளைப் பட்டியல் போடும் பாலிசியில் லிக்டன்ஸ்டைன் பெயர் இருக்கிறதா என்று விரல் வைத்துத் தேடுங்கள். வங்கிக் கணக்கு விவரம், வருமான வரித் தாக்கல், உங்கள் நிறுவனம் தரும் பணிச் சான்றும் விடுப்புக் கடிதமும் வேண்டும். செலவை நீங்களே ஏற்கும் நாட்களுக்கு நாளொன்றுக்கு 100 பிராங்க் என்பது சுவிஸ் தரப்பு வைத்திருக்கும் பொதுவான அளவு. உங்கள் ஆஸ்திரிய நாட்களுக்கும் தனியாகப் பணம் இருப்பதைக் காட்டுங்கள். அழைக்கும் நிறுவனம் அந்த நாட்களுக்குப் பொறுப்பேற்காது.

விசாக் கட்டணம் 2024 ஜூன் 11 முதல் 90 யூரோ, ரூபாயில் கட்டலாம். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. நிராகரித்தாலும் இரண்டும் திரும்பி வராது. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறைந்தால் முடியாது. முடிவுக்கான காலம் சாதாரணமாக 15 நாள், கூடுதல் விசாரணை வந்தால் 45 நாள் வரை. கோடை விடுமுறைக் காலத்தில் முன்பதிவு நேரம் கிடைப்பதே கடினம் என்பதால் இரண்டு மாத இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள். கடந்த 59 மாதங்களுக்குள் ஷெங்கன் விசாவுக்குக் கைரேகை கொடுத்திருந்தால் பொதுவாக மறுபடி கேட்பதில்லை.

இப்போது அந்த டூரிஸ்ட் யோசனை. நோக்கத்தை மாற்றி எழுதினால் விசா கிடைக்கவும் கூடும். ஆனால் சூரிச் விமான நிலையத்தில் "எங்கே போகிறீர்கள்" என்று கேட்கும்போது பையில் ஷான் நிறுவனத்தின் அழைப்பு இருந்தால், விசாவை ரத்து செய்து அடுத்த விமானத்திலேயே திருப்பி அனுப்ப அதிகாரிக்கு உரிமை உண்டு. விசா பதிவுகள் ஷெங்கன் நாடுகளின் பொதுத் தரவுத்தளத்தில் 5 ஆண்டு இருக்கும். அதன் பிறகு ஜெர்மனிக்கோ பிரான்சுக்கோ விண்ணப்பித்தாலும் அது தெரியும். ஏஜென்ட் கேட்கும் சில ஆயிரம் ரூபாயை விடப் பெரிய இழப்பு இது. மாறாக, முறையாக எடுத்து முறையாகத் திரும்பிய விசா பின்னால் கைகொடுக்கும். 3 ஆண்டுக்குள் இரண்டு ஷெங்கன் விசாக்களைச் சரியாகப் பயன்படுத்திய, இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்கு 2 ஆண்டுப் பலமுறை நுழைவு விசா தரலாம் என்ற விதி 2024 ஏப்ரலில் வந்திருக்கிறது.

ஸ்டிக்கர் கையில் வந்ததும் நாட்களைச் சரிபாருங்கள். "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை" என்பது ஒன்று, "எத்தனை நாள்" என்பது வேறு. 40 நாள் இடைவெளி போட்டு 25 நாள் என்று அச்சிட்டிருந்தால் நீங்கள் இருக்கலாம் என்பது 25 நாள்தான். நுழையும் நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும். உங்களுக்கு 21 நாள் பயிற்சி, 4 நாள் ஆஸ்திரியா, அதோடு போக வர ஒரு நாளாவது தேவை. படிவத்திலேயே அதைக் கூட்டிக் கேளுங்கள்.

விசா மறுத்தால் கையில் தரும் படிவத்தில் காரணம் குறிக்கப்பட்டிருக்கும், எங்கே எத்தனை நாளுக்குள் ஆட்சேபிக்கலாம் என்பதும் இருக்கும். தாள் குறைபாடுதான் காரணம் என்றால் ஆட்சேபணையை விட, குறையைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிப்பது விரைவு.

லிக்டன்ஸ்டைனில் விமான நிலையம் இல்லை. நுழைவுப் பதிவு ஷெங்கனில் நீங்கள் முதலில் இறங்கும் விமான நிலையத்திலேயே (நேராகப் போனால் சூரிச், வழியில் இறங்கினால் பிராங்க்பர்ட்) முடிந்துவிடும். 2025 அக்டோபர் 12-இல் தொடங்கிய மின்னணுப் பதிவு முறையில் விசா உள்ளவர்களின் முகப்படத்தை எடுப்பார்கள். கைரேகை ஏற்கெனவே விசாப் பதிவில் இருக்கிறது. சுவிஸ்-லிக்டன்ஸ்டைன் எல்லையில் பாஸ்போர்ட் சோதனைச் சாவடி கிடையாது, ஆனாலும் தினமும் பாஸ்போர்ட்டைக் கூடவே வைத்திருங்கள். வடூஸ் சுற்றுலா மையத்தில் நினைவுக்காக ஒரு முத்திரை போட்டுத் தருகிறார்கள். ஆசையாக இருந்தால் ஒரு தாளில் வாங்கிக்கொள்ளுங்கள், பாஸ்போர்ட் பக்கத்தில் வேண்டாம். தொலைபேசியில் ரோமிங் போடுமுன், சுவிட்சர்லாந்தின் எண் 41 என்பதும் லிக்டன்ஸ்டைனின் எண் 423 என்பதும் நினைவிருக்கட்டும். ஒன்றுக்கு வாங்கிய பேக் மற்றதில் செல்லாமல் போகலாம்.

2025 அக்டோபர் 1-இல் நடைமுறைக்கு வந்த இந்தியா-இ.எஃப்.டி.ஏ. (ஐரோப்பியத் தடையற்ற வணிகச் சங்கம்) வணிக ஒப்பந்தத்தில் லிக்டன்ஸ்டைனும் இருக்கிறது. அதைக் காட்டி "இனி அந்த நாட்டுக்கு விசா வேண்டாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அதனால் விசா விதி மாறவில்லை. "லிக்டன்ஸ்டைன் குலுக்கல்" என்று வரும் விளம்பரமும் அப்படித்தான். குலுக்கல் இருப்பது உண்மை. வேலைக்கு 56, வேலையின்றித் தங்க 16 என்று ஆண்டுதோறும் தரும் அனுமதிகளில் பாதியைக் குலுக்கிப் போடுகிறார்கள். ஆனால் அதில் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக் குடிமக்கள் மட்டுமே பெயர் கொடுக்க முடியும். இந்தியர்கள் நீண்ட காலம் தங்க, அழைக்கும் நிறுவனம் வடூஸில் அனுமதி வாங்கிய பிறகே டி வகை விசா கேட்க வேண்டும். அப்போது பட்டச் சான்றுகளுக்கு நம் வெளியுறவு அமைச்சகத்தின் அபோஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று பிற நாடுகள் ஏற்கும் சான்று) போதும், இரு நாடுகளும் அந்த உடன்படிக்கையில் இருக்கின்றன.

கடைசியாகப் பாஸ்போர்ட். தொலைந்தது ஷானில் என்றால் லிக்டன்ஸ்டைன் காவல்துறையில் புகார் கொடுத்து எழுத்து வடிவில் நகல் வாங்குங்கள் (அழைக்க 117, மருத்துவ உதவிக்கு 144). புக்ஸில் தொலைத்திருந்தால் அது சுவிஸ் காவல்துறையின் எல்லை. இரண்டிலும் அடுத்த படி ஒன்றே: பெர்ன் நகரில் உள்ள இந்தியத் தூதரகம். அதுதான் லிக்டன்ஸ்டைனுக்கும் பொறுப்பு. விசாவை வழங்கிய சுவிஸ் அரசு உங்களுக்குப் பயண ஆவணம் தராது. பெர்னில் தரும் அவசரச் சான்றிதழ் இந்தியாவுக்குத் திரும்ப மட்டுமே உதவும், ஆஸ்திரியச் சுற்றுலாவை அதோடு மறந்துவிட வேண்டியதுதான். பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்களும் விசா ஸ்டிக்கரும் கொண்ட நகலை மின்னஞ்சலில் ஒன்றும், பெட்டியில் அச்செடுத்து ஒன்றும் வைத்திருந்தால், காவல் நிலையம், தூதரகம், சூரிச் வெளியேறும் கவுன்ட்டர் மூன்றிலும் வேலை சீக்கிரம் நடக்கும்.