குப்பியில் பழுதில்லை, எலி வேறு

கேள்வி: காரைக்குடியில் ஆய்வு மாணவியாக இருக்கிறேன். பால்ப்-சி சுண்டெலியின் மண்ணீரலில் இயற்கைக் கொல்லி செல்களைப் பார்க்க என்.கே1.1 ஆன்டிபாடி (அந்தச் செல்களின் மேல் ஒட்டி அடையாளம் காட்டும் புரதம்) போட்டேன். மூன்று முறையும் ஒன்றும் தெரியவில்லை. குப்பி கெட்டுப்போயிருக்கும், புதிது வாங்குங்கள் என்கிறார் விற்பனை முகவர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. பத்துக் குப்பி வாங்கினாலும் ஒட்டாது.

பால்ப்-சி எலியிலும் கொல்லி செல்கள் இருக்கத்தான் செய்கின்றன. என்.கே1.1 ஆன்டிபாடியாக விற்கும் பி.கே.136 என்ற குளோன் (ஒரே செல்லின் வழியில் உருவாக்கிய ஆன்டிபாடி) போய் ஒட்டும் இடம்தான் அந்த ரகத்தில் மாறியிருக்கிறது. கறுப்பு எலியில், அதாவது சி57 பிளாக்-6 ரகத்தில், பளிச்சென்று தெரியும். உங்கள் எலிக்கு டி.எக்ஸ்5 என்ற குளோன் வாங்குங்கள், அல்லது கொல்லி செல்லின் மேலுள்ள என்.கே.பி46 என்ற புரதத்தைப் பிடிக்கும் 29ஏ1.4 குளோன். கூடவே டி செல்களைக் காட்டும் சி.டி3 ஆன்டிபாடியும் போட்டு, அது இல்லாத செல்களை மட்டும் எண்ணுங்கள். மற்றதெல்லாம் நீங்கள் செய்தபடியே.

ஒன்றை மட்டும் விரித்துச் சொல்ல வேண்டும். உங்கள் பால்ப்-சி வெள்ளை எலிதான். ஆனால் வெள்ளை எலியெல்லாம் ஒரே ரகம் இல்லை. பக்கத்துக் கூண்டில் இருக்கும் சுவிஸ் எலியில் போட்டால் இதே பி.கே.136 ஒட்டக்கூடும். உடனே "பார், வேலை செய்கிறது" என்று மகிழ்ந்துவிடாதீர்கள். கறுப்பு எலியில் அது ஒட்டுவது என்.கே.ஆர்-பி1சி என்ற ஏற்பியில் (செல்லின் மேல் இருந்து சமிக்ஞை வாங்கும் புரதம்). அது செல்லை முடுக்கிவிடும். சுவிஸ், எஸ்.ஜே.எல் ரகங்களில் ஒட்டுவதோ என்.கே.ஆர்-பி1பி-யில்; அது செல்லை அடக்கும். 1999-லேயே வெளிவந்துவிட்ட செய்தி இது. நம் ஊரில் ஒரே விலாசம் போட்டுக்கொள்ளும் பங்காளிகள் உண்டல்லவா? விலாசத்தைப் பார்த்து அண்ணன் கடிதத்தைத் தம்பி வீட்டில் கொடுத்த கதைதான். செல்லை எண்ணுவதற்கு அது போதும். ஏற்பி என்ன செய்கிறது என்று எழுதப்போனால் முடிவு தலைகீழாகிவிடும்.

இனி முகவர்கள். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய தூண் வாங்கப் போகிறவர்கூட மரத்தைச் சுரண்டிப் பார்த்துத்தான் பணத்தை எடுக்கிறார். ஆன்டிபாடிக்கு மட்டும் விலைப்பட்டியலை நம்பிக் கையெழுத்துப் போடுகிறோம். 'மவுஸ் ஆன்டி' என்று தொடங்கும் பெயருக்கு, சுண்டெலியில் தயாரித்தது என்றுதான் பொருள். சுண்டெலி செல்லைப் பிடிக்கும் என்று பொருளில்லை. என்.கே1.1-க்கு சி.டி161 என்றும் பெயர் உண்டு. அதை வைத்து மனித சி.டி161-க்கான குப்பியை, "இரண்டும் ஒன்றுதான்" என்று என் தலையிலேயே ஒருவர் கட்டினார். ஆறு வாரம் போயிற்று. ஆகவே குளோன் பெயர், எந்த விலங்கின் செல்லைப் பிடிக்கும், எந்த ரகத்தில் சோதித்தது, இந்த மூன்றையும் எழுத்தில் வாங்காமல் ஆர்டர் கொடுக்காதீர்கள். பி.இ என்ற ஒளிரும் சாயம் ஏற்றிய குப்பி உறைந்து வந்தால் திருப்பி அனுப்புங்கள். உறைந்தால் அந்தச் சாயம் போய்விடும். சித்திரை வெயிலில் பார்சல் ஆபீசில் ஒரு பகல் கிடந்து வந்தாலும் வாங்காதீர்கள்.

மூன்று கொட்டேஷன், அதில் குறைந்த விலை என்ற விதி நாற்காலி வாங்கச் சரி. குளோன் பெயரைப் படிக்கத் தெரியாத குழு ஆன்டிபாடியைத் தேர்ந்தெடுப்பதும், மார்ச் 31-க்குள் பணத்தைச் செலவழிக்கக் கிடைத்ததை வாங்குவதும் மாணவர்களின் வருடங்களைத் தின்கின்றன. "வேறு குளோன் ஏற்கப்படாது" என்று உங்கள் கோரிக்கையிலேயே எழுதிவிடுங்கள்.

இருக்கும் குப்பியை எறிய வேண்டாம். கறுப்பு எலி வளர்க்கும் ஆய்வகத்தில் ஒரு மண்ணீரல் கேட்டு வாங்கி, அதில் போட்டுப் பாருங்கள். தெரிந்தால் அந்தப் படத்தை முகவருக்கும் உங்கள் நெறியாளருக்கும் அனுப்புங்கள்.