நடக்கும்போது வேர்க்கிறது, நின்றால் நடுங்குகிறது

(குளிரில் வெளிப்புறப் படப்பிடிப்பு பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு, ஆவணப்படங்களுக்குக் கேமரா இயக்கும் ஒருவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: விடியலைப் படம்பிடிக்க மலை ஏறினேன். கனமான ஜாக்கெட் போட்டிருந்தும், மேலே ட்ரைபாடை நிறுத்திக் காத்திருந்த கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் உதறியது. இன்னும் கனமானதாக வாங்க வேண்டுமா?

வேண்டாம். அந்த ஜாக்கெட்டை எப்போது போடுகிறீர்கள் என்பதை மாற்றினாலே போதும். ஏறும்போதே அதைப் போட்டிருந்ததால் உள்ளே நன்றாக வேர்த்திருக்கும். நின்றதும் உடம்பு சூட்டை உண்டாக்குவது குறைந்துவிடுகிறது. அந்த நேரம் பார்த்து ஈரத்துணி தோலோடு ஒட்டிக்கொள்கிறது. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். நனைந்த பனியனோடு நிற்பவருக்கு மேலே எத்தனை கனம் இருந்தும் பலன் குறைவு.

குளிருக்கான உடை என்று பெரும்பாலும் சொல்லப்படுவதெல்லாம் நடப்பவருக்கானது. நாம் நிற்பவர்கள். ஒரு வெளிச்சத்துக்காக, ஒரு பறவைக்காக அசையாமல் காத்திருக்கிறோம். அதனால் நான் ஏறும்போது லேசாகக் குளிரும்படியே உடுத்துவேன்: உள்ளே மெல்லிய கம்பளி பனியன், மேலே காற்றுத் தடுக்கும் மெல்லிய மேலுறை, அவ்வளவுதான். கனமான ஜாக்கெட் பையில் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும். இடம் வந்ததும், ட்ரைபாடைப் பிரிப்பதற்கு முன்பே அதை எடுத்துப் போட்டுவிடுவேன். அப்போது குளிர் தெரியாது, ‘அப்புறம் போடலாம்’ என்றுதான் தோன்றும். ஆனால் உடம்பில் சூடு இருக்கும்போதே அதை மூடிவிட வேண்டும். ஜாக்கெட் தானாகச் சூடு தருவதில்லை, இருக்கிற சூட்டைக் காப்பாற்றுகிறது.

தோலை ஒட்டி பருத்தி மட்டும் வேண்டாம். வேர்வையைக் குடித்துவிட்டு நெடுநேரம் காயாது. கம்பளி அல்லது பாலியெஸ்டர் தெர்மல் (உடம்போடு ஒட்டும் குளிர்கால உள்ளாடை) நல்லது. நடுவில் ஃப்ளீஸ், அதாவது பஞ்சுபோன்ற செயற்கை இழைத் துணிச் சட்டை. மேல் ஜாக்கெட் இவற்றின் மீது இறுக்காமல் உட்கார வேண்டும். இடையில் நிற்கும் காற்றுதான் நம்மைக் காக்கிறது, இறுக்கினால் அது போய்விடும். இறகு ஜாக்கெட் லேசானது, கதகதப்பானது, ஆனால் நனைந்தால் அமுங்கிப் பயனற்றுப் போகும். மழையோ ஈரப்பனியோ வரக்கூடிய இடத்துக்குச் செயற்கை இழை அடைத்ததையே எடுத்துப் போகிறேன்.

காற்றையும் கணக்கில் வையுங்கள். 5 டிகிரி செல்சியஸில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்றடித்தால், திறந்த தோலுக்கு அது 0 டிகிரி போலத்தான் இருக்கும். நல்ல காட்சி கிடைக்கிற மேட்டில்தான் காற்றும் அதிகம். காத்திருக்கும் நேரத்திலாவது ஒரு பாறை மறைவுக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: கையுறை போட்டால் பட்டன் அகப்படவில்லை. கழற்றினால் விரல் மரத்துப்போகிறது. என்ன செய்ய?

இரண்டு உறை போடுங்கள். உள்ளே விரலோடு ஒட்டும் மெல்லிய கையுறை. வெளியே விரல்கள் எல்லாம் ஒரே அறையில் இருக்கும் பெரிய உறை, மணிக்கட்டில் கயிறு கட்டியது. ஷாட் எடுக்கும்போது பெரியது மட்டும் கழன்று தொங்கும். முடிந்ததும் கை திரும்ப உள்ளே போய்விடும். தனித்தனி விரல் கொண்ட தடித்த கையுறையைவிட இது சூடானது, விரல்கள் ஒன்றின் சூட்டை ஒன்று பகிர்ந்துகொள்வதால்.

உலோக ட்ரைபாடை வெறுங்கையால் தூக்காதீர்கள். அதன் கால்களின் மேற்பகுதியில் நுரைப்பஞ்சு சுற்றி நாடாவால் ஒட்டி வைத்திருக்கிறேன். பார்க்க அழகில்லை, விரல் பிழைக்கிறது.

இன்னொன்று. மார்பும் வயிறும் குளிர்ந்தால் உடம்பு முதலில் கைக்குப் போகிற ரத்தத்தைத்தான் குறைக்கும். விரல் மரத்தால் கையுறையை மட்டும் குறை சொல்லாமல், உடம்பில் இன்னொரு அடுக்கைப் போட்டுப் பாருங்கள். குல்லாவும் அவசியம். பாதிச் சூடு தலைவழியே போகிறது என்பது மிகை; ஆனால் மற்றதெல்லாம் மூடியிருக்கையில் திறந்து கிடக்கும் காது உங்களை நிற்க விடாது.

கேள்வி: இரண்டு சாக்ஸ் போட்டும் பாதம் ஜில்லிடுகிறதே?

ஷூ இறுகியிருக்கும். விரல்கள் அசைய இடம் இல்லாவிட்டால் ரத்தமும் வராது, காற்றும் தங்காது. தடித்த கம்பளி சாக்ஸ் ஒன்று, கொஞ்சம் தாராளமான ஷூ. அப்புறம், தரைமேல் நேராக நிற்காதீர்கள். நுரைப்பாய்த் துண்டு, பலகை, மடித்த அட்டைப்பெட்டி, எது கிடைத்தாலும் காலடியில் போடுங்கள். நான் எப்போதும் ஒரு துண்டுப் பாய் கொண்டுபோவேன்.

கேள்வி: பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. அறைக்குத் திரும்பினால் லென்ஸெல்லாம் நீர் கோக்கிறது.

மாற்று பேட்டரிகளை உள்சட்டைப் பையில், உடம்போடு வையுங்கள். குளிரில் ‘தீர்ந்த’ பேட்டரி சூடேறினால் கொஞ்சம் மீளும். உறைநிலைக்குக் கீழே மட்டும் சார்ஜ் போடக்கூடாது. வெளியில் இருக்கும்போதே கேமராவைக் காற்றுப் புகாத பையில் மூடி, அறைக்குள் அது சூடேறிய பிறகு திறங்கள். நீர் பையின் மேல்தான் கோக்கும்.

கேள்வி: குறும்படம் எடுக்கிறோம். கதைப்படி நடிகைக்கு மெல்லிய உடை. யூனிட்டில் எல்லோரும் ஜாக்கெட்டில் நிற்கிறோம், அவர் மட்டும்…

இதைக் கேட்டதற்கு நன்றி. பலர் கேட்பதே இல்லை. உடைக்குள் தோல்நிறத் தெர்மல் போடச்சொல்லுங்கள். ஃபிரேமில் பாதம் வராவிட்டால் ஷூவோடு நிற்கட்டும். ஹேண்ட் வார்மர் பொட்டலத்தை (தானே சூடேறும் சிறு பை) துணியில் சுற்றி முதுகுப்பக்கம் செருகலாம். நேராகத் தோலில் வைத்தால் புண்ணாகும். லைட்டிங் சரிசெய்யும் நேரத்துக்கு வேறொருவரை நிற்க வையுங்கள். ‘கட்’ சொன்னதும் போர்வையோடு ஓடுவது ஒருவரின் முழுநேர வேலையாக இருக்கட்டும். சூடாக டீயோ சூப்போ கொடுங்கள். மது மட்டும் வேண்டாம்: தோலுக்கு ரத்தம் பாய்வதால் சூடானது போல் தோன்றும், உள்ளே இருக்கும் சூடு வெளியே போய்விடும்.

அவர் ‘பரவாயில்லை’ என்பார், எல்லா நடிகர்களும் அப்படித்தான். நீங்கள் பார்க்க வேண்டியது அவருடைய பேச்சையும் கையையும். வசனம் குழறினால், பொருட்கள் கைநழுவினால், நன்றாக நடுங்கிக்கொண்டிருந்தவர் ஓயாத குளிரிலும் நடுக்கம் நின்று சோர்ந்தால், அத்துடன் படப்பிடிப்பை நிறுத்திவிடுங்கள். உள்ளே கூட்டிப்போய், ஈரம் இருந்தால் மாற்றி, போர்த்தி, உடனே மருத்துவ உதவிக்குச் சொல்லுங்கள். விரல் வெளுத்து உணர்வற்றிருந்தால் தேய்க்காதீர்கள், தேய்த்தால் திசு கெடும்.