கோழி கோழியைக் கொத்துகிறது, சொண்டை வெட்டலாமா?

கேள்வி: திருகோணமலையில் வீட்டு வளவில் ஏழு சிவப்பு முட்டைக்கோழியும் இரண்டு ஊர்க்கோழியும் வளர்க்கிறேன். கூடு 4 அடிக்கு 6 அடி. நாய்த் தொல்லையால் பகலிலும் திறந்துவிடுவதில்லை. சோறு, தேங்காய்ப் புண்ணாக்கு, கொஞ்சம் கடைத்தீன் கொடுக்கிறேன். மூன்று கோழிக்கு வாலடி மொட்டை, ஒன்றுக்கு இரத்தமும் வருகிறது. சொண்டை வெட்டினால் நிற்குமா?

பதில்: தயவுசெய்து வெட்டாதீர்கள். சொண்டுக்குள் நரம்பு ஓடுகிறது. வெட்டுப்பட்ட கோழி நோவில் நாட்கணக்காகத் தீன் பொறுக்காமல் மெலியும். கொத்த வைத்த காரணமோ கூட்டுக்குள் அப்படியே இருக்கும்.

இரத்தம் வரும் கோழியை இன்றைக்கே தனியே எடுங்கள். சிவப்பைக் கண்டால் மற்றவை விடாது. ஒரே நாளில் குடல் வெளிவரும் வரை கொத்திவிடும். பொவிடோன் அயடினைத் தண்ணீரில் வெறுந்தேத்தண்ணி நிறத்துக்குக் கலந்து புண்ணைக் கழுவி, உலர்ந்ததும் வேப்பெண்ணெயில் குழைத்த மஞ்சளை மெல்லிதாகப் பூசுங்கள். காலையும் மாலையும் புண்ணை விரித்துப் பாருங்கள், இந்த வெக்கையில் இலையான் மொய்த்து ஒரு நாளிலேயே புழு வைத்துவிடும். ஊதா மருந்து (ஜென்ஷன் வயலட்) பூசச் சொல்வார்கள். உணவுக்கு வளர்க்கும் பிராணிகளில் அதற்குப் பல நாடுகள் அனுமதி கொடுப்பதில்லை, முட்டை சாப்பிடும் வீட்டில் அது வேண்டாம்.

அடுத்தது, ஒவ்வொரு கோழியாகப் பிடித்து எந்த இடத்தில் இறகு போயிருக்கிறது என்று பாருங்கள். காரணத்தைப் பாதி அந்த இடமே சொல்லிவிடும். கொண்டையிலும் தலையிலும் காயம் என்றால் அது அதிகாரச் சண்டை, யார் பெரியவள் என்ற போட்டி. பிடரியிலும் முதுகிலும் மட்டும் போயிருந்தால் சேவல் மிதித்தது. கழுத்தில் தொடங்கிப் படிப்படியாக உடம்பெங்கும் உதிர்ந்து, முட்டையும் குறைந்தால் அது இறகு மாற்றும் காலம், பயமில்லை. எச்சம் போடும் இடத்தைச் சுற்றி இறகு அழுக்காகி, அடியில் வெள்ளை முட்டைகள் கொத்தாக ஒட்டியிருந்தால் பேன். வாலடி மொட்டையாகி, முறிந்த இறகுக் குச்சிகள் நீட்டிக்கொண்டு நின்றால்தான் உண்மையான இறகு பிடுங்கல். உங்களுடையது இதுதான்.

இறகு பிடுங்குவதைக் கோபம் என்று நினைக்க வேண்டாம். கோழி விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி மண்ணைக் கிளறிப் பொறுக்குவதற்கென்றே பிறந்தது. கிளற ஒன்றும் இல்லாவிட்டால் பக்கத்துக் கோழியின் இறகைப் பொறுக்கும். 24 சதுர அடிக்குள் ஒன்பது கோழி என்றால் ஒன்றுக்கு 3 சதுர அடி கூட இல்லை. இரவில் மட்டும் அடைப்பதற்கே 4 வேண்டும், பகல் முழுக்க உள்ளே என்றால் 10. ஆகவே கூட்டை ஒட்டி 7 அடிக்கு 10 அடியில் கம்பிவலை முற்றம் ஒன்று அடியுங்கள். நாய் தோண்டாமல் வலையை ஓரடி மண்ணுக்குள் இறக்குங்கள். நடுவில் கிடுகு ஒன்றைக் குறுக்கே நிறுத்தினால் துரத்தப்படும் கோழிக்கு மறைய இடம் கிடைக்கும். தீனும் தண்ணீரும் இரண்டிரண்டு இடத்தில், ஒன்றிலிருந்து மற்றது தெரியாதபடி வையுங்கள்.

நிலத்தில் உமியோ மரத்தூளோ 4 அங்குலம் போட்டு, அதற்குள் ஒரு பிடி நெல்லையோ குரக்கனையோ பின்னேரத்தில் எறியுங்கள். முருங்கைக் கொப்பைக் கோழி சற்று எம்பிப் பிடிக்கும் உயரத்தில் கட்டுங்கள். வாழைத்தண்டைப் பிளந்து போட்டால் அரை நாள் அதிலேயே நிற்கும். மண்குளியலுக்குப் பழைய லொறி டயர் ஒன்றில் மணலும் விறகுச் சாம்பலும் கலந்து வையுங்கள். கடற்கரை மணலை அப்படியே அள்ளிப் போட வேண்டாம், பொறுக்கும்போது உப்பு உள்ளே போகும். ஆற்று மணல் நல்லது.

தீனில்தான் பெரிய பிழை இருக்கிறது. சோறு வயிற்றை நிரப்பும், புரதம் தராது. தேங்காய்ப் புண்ணாக்கில் புரதம் உண்டு, ஆனால் இறகுக்குத் தேவையான மெதியோனின் என்ற புரதக்கூறு குறைவு. அது போதாத கோழி இறகையே தின்னப் பார்க்கும். முட்டைக்கோழித் தீன், புரதம் 16 முதல் 18 சதவீதம் உள்ளது, ஒரு கோழிக்கு நாளைக்கு 110 முதல் 120 கிராம். ஒன்பதுக்கும் ஏறக்குறைய ஒரு கிலோ. சோறு, புண்ணாக்கு எல்லாம் சேர்த்து ஒன்பதுக்கும் நாளைக்கு 100 கிராமைத் தாண்டக் கூடாது. குருணைத் தீனை விடத் தூள் தீன் நல்லது, தின்று முடிக்க நேரமெடுக்கும். இரண்டு கிழமைக்கு ஒன்றுவிட்டொரு நாள் ஒன்பதுக்கும் சேர்த்து 30 கிராம் நெத்தலிக் கருவாட்டை அரை மணி நேரம் ஊறவைத்து, உப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போடுங்கள். கச்சான் காற்று வீசும் வெக்கை மாதங்களில் ஒரு கோழி அரை லீற்றர் தண்ணீர் வரை குடிக்கும். நிழலில் வையுங்கள், சூடேறிய தண்ணீரைக் கோழி தொடாது.

குந்தும் தடியின் உயரத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஒன்றரை அடியில் இருந்தால் மேலே இருப்பவளின் வாலடி, கீழே நிற்பவளின் சொண்டுக்கு நேரே வரும். இரண்டரை அடிக்கு உயர்த்துங்கள், ஒன்பதுக்கும் 7 அடி நீளம் வேண்டும். முட்டைப் பெட்டி இரண்டு போதும், வாசலில் உரப்பைத் துண்டைத் தொங்கவிட்டு இருட்டாக்குங்கள். முட்டையிட்ட உடனே பின்வாய் சிவந்து சற்று வெளித்தள்ளி இருக்கும். வெளிச்சத்தில் மற்றவள் கண்ணில் பட்டால் கொத்துவாள்.

இவ்வளவும் செய்த பிறகு தீன் போடும் நேரத்தில் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். உடம்பில் ஓர் இறகும் குறையாமல் இருப்பவள்தான் பெரும்பாலும் கொத்துகிறவள். அவளைப் பிடித்து, மற்றவை கண்ணில் படாத இடத்தில் ஐந்து நாள் வைத்து, இருட்டிய பிறகு தடியில் கொண்டுபோய் விடுங்கள். திரும்பி வரும்போது அவள் இடத்தை வேறொருத்தி பிடித்திருப்பாள், கொட்டம் அடங்கும். காயப்பட்டவளுக்கு இது நேர்மாறாக வேலை செய்யும்: அவளைக் கண்மறைவாக வைத்தால் திரும்பும்போது புதுக்கோழிதான், மறுபடி அடி. அதனால் புண் ஆறும் வரை அவளை அதே கூட்டுக்குள் வலை மறைப்புக்குப் பின்னால் வையுங்கள், முகம் தெரிந்துகொண்டே இருக்கட்டும்.

மாரியில், குறிப்பாகக் கார்த்திகை, மார்கழியில், உமி நனைந்து கோழிகள் ஒரு மூலையில் ஒடுங்கும். அப்போது கொத்தல் திரும்ப வரும். முற்றத்தில் பாதிக்காவது இப்போதே தகரம் போட்டுவிடுங்கள்.

முழுதாகப் பிடுங்கப்பட்ட இறகு ஆறு, எட்டுக் கிழமையில் முளைக்கும். அந்தக் குருத்துக்குள் இரத்தம் ஓடும், மற்றவை அதைத்தான் தேடிக் கொத்தும், ஆகவே வலை மறைப்பை அவசரப்பட்டு எடுக்காதீர்கள். முறிந்து நிற்கும் குச்சிகளைப் பிடுங்க வேண்டாம், இறகு மாற்றும்போது தானாக விழும்.