குப்பியில் யார் பேச வேண்டும்?

கேள்வி: கொழும்பில் முகாமைத்துவம் மூன்றாம் வருடம் படிக்கிறேன். முதலாம் வருடப் பிள்ளைகள் 300 பேர் ஒரே மண்டபத்தில் புள்ளிவிபரவியல் படிக்கிறார்கள். விளங்கவில்லை என்று என்னைக் குப்பி (சீனியர் மாணவர் புதுப் பிள்ளைகளுக்குத் தாமாக எடுக்கும் வகுப்பு) எடுக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் ஒன்றரை மணித்தியாலம் விடாமல் விளக்குகிறேன், ஒருவரும் வாய் திறப்பதில்லை. முதல் நாள் 40 பேர் வந்தார்கள், இப்போது 6 பேர்தான். விட்டுவிடவா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அன்புத் தங்கச்சி, விட்டுவிடாதீர்கள். "விடாமல் விளக்குகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அங்கேதான். மண்டபத்தில் கேட்டுக் களைத்து வந்தவர்களுக்கு நீங்கள் இன்னொரு விரிவுரை நடத்தியிருக்கிறீர்கள்.

இனிப் பலகைப் பக்கம் போகாமல் அவர்களோடு வட்டமாக உட்காருங்கள். கொப்பியைத் திறந்து, விளங்காமல் போன இடத்தில் விரலை வைக்கச் சொல்லுங்கள். நான் ஒரு குப்பியில் பார்த்தேன். ஹட்டன் பக்கத்துத் தம்பி ஒருவன் 'ஸ்டாண்டர்ட் டீவியேஷன்' என்ற இடத்தில் விரலை வைத்தான். பக்கத்தில் இருந்த பிள்ளை எட்டிப் பார்த்து, "இது நம்மட நியம விலகல்தானே" என்றாள். உயர்தரத்தில் அவன் தமிழில் கரைத்துக் குடித்த பாடம், இங்கே ஆங்கிலத்தில் வந்ததும் அடையாளம் தெரியவில்லை! அதற்குப் பிறகு அந்தக் கணக்கை அவனே மற்றவர்களுக்குச் செய்து காட்டினான். சிங்கள மொழியில் படித்து வந்த பிள்ளைகளுக்கும் இதே தடுமாற்றம் உண்டு, அவர்களையும் கூப்பிடுங்கள்.

கேள்வி கேட்டுவிட்டு உடனே நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள், யாராவது பேசுவார்கள்.

1973இல் அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழகத்து கான்சாஸ் சிற்றி வளாகத்தில் இப்படி ஒரு முறையை ஆரம்பித்தார்கள். அந்தப் பாடத்தில் நன்றாகச் சித்தியடைந்த மாணவர் மறுபடியும் விரிவுரைக்குப் போய் உட்கார்ந்து, பிறகு வாராவாரம் சிறு குழு நடத்துவார். எனக்கு மிகவும் பிடித்தது, அவர்கள் 'கெட்டித்தனம் குறைந்த பிள்ளைகள்' என்று யாரையும் பிரிக்காததுதான். கஷ்டமான பாடத்தைத் தெரிந்தெடுத்தார்கள், விரும்பிய எவரும் வரலாம். அதனால் வருவதில் வெட்கம் இல்லை. நம் குப்பி பெரும்பாலும் பரீட்சைக்கு முதல் வாரம்தான் நடக்கும். நீங்கள் முன்னமே தொடங்கியிருக்கிறீர்கள், அது பெரிய காரியம்.

இன்னொன்று. சீனியர் என்றாலே புதுப் பிள்ளைகளுக்குப் பயம். பகிடிவதைக்கு எதிராக 1998இலேயே சட்டம் வந்தும் அந்தப் பயம் போகவில்லை. ஆகவே பகலில், நூலகப் பக்கம் போல நாலு பேர் நடமாடும் இடத்தில் வையுங்கள். இடையில் எழும்பிப் போகிறவரை ஏன் என்று கேட்காதீர்கள். ஒப்படையை மட்டும் செய்து கொடுக்க வேண்டாம்.

உங்களுக்கும் பரீட்சை இருக்கிறது. வாரம் ஒரு மணித்தியாலம் போதும். உங்கள் பட்ச்சில் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு மாறி மாறி எடுங்கள். உங்களுக்கே தெரியாத கேள்வி வந்தால், கேட்ட பிள்ளையையும் கூட்டிக்கொண்டு விரிவுரையாளரிடம் போங்கள். தனியாகப் போக அந்தப் பிள்ளை துணியாது.

அந்த 6 பேரோடு அடுத்த வாரமே தொடங்குங்கள். அன்று எத்தனை பேர் வாய் திறந்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.